கதவுக்கு நம்பர் எழுதியவள்

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வயதில் "நான் ரிட்டயர் ஆனவள்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வேலை இப்போது இல்லை. வேலையே ரிட்டயர் ஆகிவிட்டது, அதோடு நானும் ஆகிவிட்டேன். புனேயில் குடிசைகளைக் கணக்கெடுக்கும் ஒரு கம்பெனியில், கதவுக்குக் கதவு நம்பர் எழுதும் வேலை. குடிசை இருந்த இடத்தில் அரசாங்கத் திட்டத்தில் மாடிக் கட்டடம் வரும். அங்கே குடியிருந்தவர்களுக்கு அதில் ஒரு வீடு. கட்டி முடிக்கிற வரைக்கும் வெளியே தங்க வாடகைப் பணம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது அந்த நம்பரிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்போது கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, டேப்லெட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாதம் புனேயின் போபோடிப் பகுதியில் அப்படி வேலை செய்கிற இரண்டு பெண்களைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். "பெயிண்ட் அடிக்கவா சம்பளம் குடுத்தாங்க தீதி?" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி நல்ல பெண். "எப்படித்தான் செஞ்சீங்க, சொல்லுங்களேன்" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்கு போன் வந்துவிட்டது.

மீதியை இங்கே எழுதுகிறேன். என் ரூமில் கேட்க ஆளில்லை. கூட இருந்த கஸ்தூரி அக்கா போனதிலிருந்து நான் தமிழில் வாய் திறப்பதே குறைந்துவிட்டது. வெளியே எல்லாம் இந்தி, மராட்டி. சில நாள் காலையில் எழுந்ததும், குரல் இருக்கிறதா என்று பார்க்க, என் பெயரை நானே கூப்பிட்டிருக்கிறேன். அஞ்சலை.

போளூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஏழாவது வரை படித்தேன். அப்புறம் சித்தி கட்டட வேலைக்காக என்னைப் புனேக்குக் கூட்டிவந்தாள். கல் சுமந்தேன், வீடுகளில் பாத்திரம் தேய்த்தேன். இந்தி தானாக வந்தது, மராட்டி திட்டு வாங்கி வந்தது. சித்தி ஊருக்குத் திரும்பியபோது நான் போகவில்லை. போபோடிச் சந்துகளில் பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். வெளி ஆம்பிளை வந்து கேள்வி கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் கம்பெனிக்கு தமிழும் மராட்டியும் தெரிந்த ஒரு பெண் தேவைப்பட்டாள். சேர்ந்தேன். பயிற்சி என்று ஒன்றுமில்லை. ஒரு நாள் பார்த்தேன், மறுநாள் செய்தேன்.

முதலில் நான் தனியாகப் போவேன். கையில் தகரத்தில் வெட்டிய எண் அச்சு, சிவப்பு பெயிண்ட் டப்பா, ஸ்பாஞ்ச், மண்ணெண்ணெய் நனைத்த துணி. கதவைத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, எலக்ஷன் ஸ்டிக்கர், மஞ்சள் குங்குமம் எல்லாம் இருக்கும். குங்குமத்தைத் துடைக்கும் முன் வீட்டுக்காரியிடம் கேட்க வேண்டும். கேட்காமல் துடைத்து ஒரு தடவை விளக்குமாற்று அடியிலிருந்து ஓடித் தப்பித்திருக்கிறேன். அச்சை வைத்து ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் பெயிண்ட் ஒழுகும். மூன்று எட்டாகத் தெரியும், அந்தக் குடும்பம் பேப்பரில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். எண் கதவின் மேல் பாதியில் இருக்க வேண்டும். கீழே எழுதினால் ஆடு உரசும்.

சில நாள் கழித்து, கணக்கை எழுதும் ஆபீசர் காம்ப்ளே மேடம் வருவார், கூடவே கேமராக்காரர். வீட்டுக்காரர் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கதவு, நம்பர், ஆள், மூன்றும் ஒரே போட்டோவில் வர வேண்டும். முன்பு எங்கேயோ ஆளைத் தனியாக, கதவைத் தனியாக எடுத்து, யாருடைய வீட்டையோ யாருக்கோ எழுதிவிட்டார்களாம். அதனால் அந்தச் சட்டம்.

காம்ப்ளே மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, ஆம்பிளை வாட்ச். கணக்கெடுக்கும் சந்தில் எந்த வீட்டிலும் டீ குடிக்கமாட்டார். தண்ணீர்கூட அவருடைய பாட்டில்தான். "ஒரு வீட்ல குடிச்சா, அடுத்த வீட்டுக்காரன் அதத்தான் சொல்லுவான்" என்பார். ஆனால் எவ்வளவு இடிந்த குடிசையாக இருந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். கேமராக்காரர் ஒரு தடவை ஷூவோடு ஏறிவிட்டார்.  அவர் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரும் வரைக்கும் மேடம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். யாராவது அழுதுகொண்டே தங்கள் கதையைச் சொன்னால் முழுவதும் கேட்பார். கடைசியில், "நான் பாக்கறத எழுதுவேன். கேக்கறத எழுத மாட்டேன்" என்பார். என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ தமிழ், இங்க வா!"

ஆடி மாதம்தான் எங்களுக்குத் தலைவலி. சந்தில் பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊருக்குப் போயிருப்பார்கள். பூட்டின வீட்டுக்கு "பூட்டு" என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அதை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். நான் ஒவ்வொருவருக்கும் போன் அடிப்பேன். "ஐயோ அஞ்சல, வண்டி சோலாப்பூர் தாண்டிடுச்சே, செயின் இழுத்துர்ட்டா?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். பின்னால் அவர் மனைவி, "இழுங்க, ஃபைன நீங்களே கட்டுங்க, கூழு நான் போயி ஊத்தறேன்" என்று கத்துவது கேட்டது. மேடம் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். ஆனாலும் "பூட்டு" என்றுதான் எழுதினார்.

இனி கஸ்தூரி அக்கா வீடு.

ரயில் பாதையை ஒட்டிய சந்து. நான் நம்பர் எழுதப் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தசாமி இருந்தார். ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். "ரெண்டு கோட்டா அடிம்மா, மழ வந்தா வீடே போயிடப் போவுது" என்று கிண்டல் செய்தார். அக்கா உள்ளேயிருந்து, "அந்தப் பொண்ண வேல செய்ய வுடு" என்றார். இரண்டு பேர் மட்டும்தான் அந்த வீட்டில். பிள்ளை இல்லை.

போட்டோ எடுக்கப் போன நாளில் வாசலில் சாமியானா. கோவிந்தசாமி பட்டறையிலேயே நெஞ்சு வலித்துச் செத்துப்போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில், கதவுக்குப் பக்கத்தில், மொட்டைத் தலையோடு அவர் தம்பி தண்டபாணி நின்றுகொண்டிருந்தார். கையில் ஆதார் அட்டை. நாங்கள் கேட்கும் முன்பே தயாராக நின்றார்.

"இந்த வீட்ல யாரு குடியிருக்காங்க?" மேடம் கேட்டார்.

"நாங்கதான் மேடம். அண்ணனும் நானும் ஒண்ணாத்தான் இருந்தோம்."

அது பொய். அவர் அப்போது கசார்வாடியில் வாடகைக்கு இருந்தார். கேமராக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். ஒரு தடவை அமுக்கினால் போதும், அந்த வீடு தண்டபாணி வீடு. நான் மேடத்திடம், "இந்த வீட்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க எங்க?" என்றேன்.

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா குறுக்கே வந்தார். "அவ எப்புடிம்மா வருவா? கருமாதி முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. அதான் கொழுந்தன் நிக்கறான் இல்ல? ஆம்பள நின்னா பத்தாதா?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அறுத்தவள் மூலையில்தான் உட்கார வேண்டும். அந்தச் சந்துக்கு அன்றைக்கு ஒரு நாள்தான் போட்டோ. தவறினால் அப்பீல் போட வேண்டும். அப்பீல் போட்டவர்களில் சிலர் தலை நரைத்தும் இன்னும் அதே வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறார்கள்.

மேடம் என்னைப் பார்த்து, "நீ உள்ள போயி அவங்களயே கேளு" என்றார். சாவு வீட்டில் பெண்கள் இருக்கும் அறைக்குள் கேமராக்காரர் போக முடியாது. நான் போனேன்.

அக்கா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விளக்கு. நான் குனிந்து, "அக்கா, போட்டோல நீ இல்லன்னா வீடு உன் பேர்ல வராது. ஒரு நிமிசம் வெளிய வரியா?" என்றேன்.

"வர மாட்டேன்."

"அவங்க சொல்றாங்கன்னு பாக்காதக்கா."

"அவங்க சொல்றதுக்காக இல்லடி." மெதுவாகத்தான் பேசினார். "எனக்கே வர்றதுக்கு மனசு இல்ல. இந்த எடத்துலதான் அவரு படுப்பாரு. காரியம் முடியாம நான் இத வுட்டு எழுந்தா, அவர நானே வெளிய அனுப்புன மாதிரி ஆயிடும்." அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஆனா வீடு போச்சின்னா நான் எங்க போவேன்? ஊர்ல எனக்கு யாரும் இல்ல. எதுனா செய்யி."

வெளியே வந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மரச்சட்டத்தில் தகரம் அடித்த கதவு. சந்தில் எல்லாக் கதவும் அப்படித்தான், கீல் கிடையாது. இரண்டு இரும்பு முளையில் சொருகியிருப்பார்கள். மழையில் மரம் உப்பினால் தூக்கிக் கழற்றிச் சீவிவிட்டு மறுபடி மாட்டுவார்கள். நம்பர் எழுதும்போது ஆடுகிற கதவுகளை நானே அப்படிக் கழற்றிப் படுக்கவைத்து எழுதியிருக்கிறேன்.

"பெரியம்மா, அக்கா வெளிய வரக்கூடாது, சரி. கதவு உள்ள வரலாமா?"

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதவுக்கு இன்னாடி தீட்டு? அது எங்கியோ போவட்டும். இவ எழுந்திரிக்கக் கூடாது, அவ்ளோதான்."

மேடத்திடம் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், பேனாவைத் திறந்து மூடினார். "கதவு, நம்பர், ஆள். மூணும் ஒரே போட்டோ" என்றார். "நான் கூடவே நிப்பேன். கதவ இங்கருந்து கழட்டி உள்ள கொண்டு போறத இன்னொரு போட்டோவா எடு. நடுவுல என் கண்ண வுட்டுப் போகக் கூடாது." பெண்களை ஒரு பக்கமாக நகர்த்தி கேமராக்காரரும் உள்ளே வரலாம் என்று பெரியம்மாவிடம் சம்மதம் வாங்கினேன்.

கதவை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கம் நான் பிடித்தேன். இன்னொரு பக்கம் பிடிக்கப் பக்கத்தில் நின்றது தண்டபாணிதான். அத்தனை சொந்தக்காரர்களும் பார்க்கிறார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வார்? பிடித்தார். உள்ளே போகும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என் கையாலயே தூக்க வெச்சிட்ட இல்ல?" என்றார்.  "நாலு புள்ளைங்க எனக்கு. ரூம்ல கால நீட்ட எடமில்ல. அத உன் மேடம் எழுதுவாங்களா?"

மேடம் எழுதமாட்டார். அது அந்த வீட்டுக்குள் அவர் பார்த்த விஷயம் இல்லை.

கதவைச் சுவரில் சாய்த்தோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தபடியே முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். போட்டோ எடுத்தார்கள். தண்டபாணி கதவைத் திரும்பத் தூக்க வரவில்லை. நானும் மேடமும்தான் தூக்கி மாட்டினோம். மேடம் கை கழுவத் தண்ணீர் கேட்டு, கேட்டதற்காகவே மன்னிப்பும் கேட்டார்.

சந்து முழுவதையும் இடித்தபோது அக்காவுக்கு வாடகைப் பணம் வர ஆரம்பித்தது. ஆனால் பணம் இருந்தும் ரூம் கிடைக்கவில்லை. தனியாக இருக்கும் பொம்பிளைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். எனக்கும் அதே கதைதான். அதனால் அக்காவும் நானும் சேர்ந்து கசார்வாடியில் ஒரு ரூம் பார்த்தோம். வீட்டுக்காரம்மாவிடம் அக்கா தங்கச்சி என்று சொன்னோம். சும்மா ரூமுக்காகச் சொன்னதுதான். வருடா வருடம் அக்கா ஆபீசுக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறேன், இன்னும் வீடு வரவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். பழைய போட்டோவில் இருக்கும் அதே நீலப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவார். "வேற பொடவன்னா வேற ஆளுன்னு சொல்லிடுவானுங்க" என்பார். நான் எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். வாடகைப் பணம் நின்றுபோன மாதங்களில் என் சம்பளத்தில் ஓட்டினோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வேறு எல்லாவற்றையும் பேசினோம். இப்போது நினைத்தால் அவ்வளவு பேச எங்களுக்கு என்னதான் இருந்தது என்று தெரியவில்லை.

போன மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா திரும்பி வரவில்லை.

தண்டபாணிதான் வந்து எல்லாம் செய்தார். அவர் பெரிய மகன் கொள்ளி வைத்தான். சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார்கள். "ரூம்ல கூட இருந்த பொண்ணு" என்று யாரோ சொன்னார்கள். பதினாறு நாளும் அவர்கள் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துபோனார்கள். என்னை விசாரிக்க யாரும் வரவில்லை. எனக்கென்று ஒரு மூலை கிடையாது, எழுந்திரிக்காதே என்று சொல்ல ஒரு பெரியம்மா கிடையாது. கொள்ளி வைத்த மறுநாளே வேலைக்குப் போனேன். நம்பர் எழுதும் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. ஒரு கேன்டீனில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன், இப்போதும் அதுதான். அழுதால் மாவில் விழும் என்று அன்றைக்கு என்னை அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

கட்டடம் முடியப் போகிறது என்று இந்த மாதம் ஆட்களைச் சரிபார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அக்கா செத்துவிட்டதால், கூட இருந்தது யார், வாரிசு யார் என்று விசாரணை. வீட்டுக்காரம்மா விசாரணைக்கு முதல் நாளே என்னிடம் வந்தார். "தங்கச்சின்னு சொல்லு. நானும் சொல்றேன், எங்க கண்ணுக்கு நீங்க அக்கா தங்கச்சிதான். வீடு உனக்கு வந்தாலும் வரும். ஆனா ஒண்ணு, நீ தனி ஆளுன்னு பேப்பர்ல ஏறிடுச்சின்னா இந்த ரூம நான் தர முடியாது, என் வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்."

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். அந்த வீட்டுக்காகத்தான் அக்காவோடு இத்தனை வருடம் நானும் காத்திருந்தேன்.

விசாரணைக்கு வந்தது, போபோடியில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த டேப்லெட் பெண்தான். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தண்டபாணியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை, மாடிப்படியிலேயே நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு, தீதி?"

நான் யோசித்தேன். தங்கச்சி என்று சொன்னால் வீடு என் பக்கம் திரும்பலாம். ஆனால் தங்கச்சி என்றால் கூட இருந்துதான் ஆக வேண்டும். அக்கா என்னோடு இருந்தது அப்படி இருந்தே ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. அதை நான் எப்படி மாற்றிச் சொல்வது?

"உறவு இல்ல" என்றேன். "கூட இருந்தோம்."

அவள் டேப்லெட்டில் தேடினாள். மனைவி, மகள், தங்கை, வாடகைக்கு இருப்பவர் என்று வரிசையாக இருந்ததாம். கூட இருந்தவள் என்று ஒன்று இல்லை. 'மற்றவை' என்று அமுக்கிவிட்டு வாரிசு பெயரைக் கேட்டாள். நான் படிக்கட்டைக் காட்டினேன்.

அவள் போன பிறகும் தண்டபாணி போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம அண்ணிக்கு வருசம் கும்புடறோம்" என்றார்.

"தெரியும்ண்ணே."

"எல போட்டுப் படைக்கணும். அண்ணிக்கு..." நிலையில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "அண்ணிக்கு இன்னா புடிக்கும்னு எங்க யாருக்கும் தெரியல. என் சம்சாரம் கேக்கறா. நான் இன்னா சொல்றது? நாங்க பேசியே எத்தன வருசம் ஆச்சி."

"வடா பாவ்" என்றேன்.

"இன்னாது?"

"ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு வண்டி நிக்கும். அங்க மட்டுந்தான் சாப்புடுவாங்க. பச்ச சட்னி வேணாம்பாங்க. காஞ்ச பூண்டுச் சட்னிதான், ரெண்டு பங்கு. அவங்க ரெண்ட சாப்புட்டுட்டு, என்னுதுலயும் பாதி புட்டுக்குவாங்க."

"படையல்ல போயி வடா பாவா?"

"அதான்ண்ணே புடிக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் ஆடியது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த வண்டின்னு எனக்குத் தெரியாது" என்றார். "நீயே வாங்கினு வந்துடு. எல போடறதுக்கு முன்னாடி வந்துடு, இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு போனேன். ஆறிவிடக் கூடாது என்று பேப்பருக்கு மேலே துணி சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பஸ் முழுக்கப் பூண்டு வாசனை.